மூன்றாம் ஓலை

“கொடைக்கானலா? அங்க போய் என்ன செய்ய?” என்றார் வேதநாயகம்.

“நாலு நாள் குளிர்ச்சியா இருந்துட்டு வருவோம்” என்றாள் எலிசபெத்.

“போனதும் குளிருதுன்னு போர்த்திட்டு உக்காரணும். அதுக்கு இங்கனயே ஃபேனைக் கூட்டி வச்சுட்டுப் போர்த்திக்கிடலாமே.”

“ஆபீஸ்ல மாலை போட்டு அனுப்பிட்டாங்க. இனி யார்கிட்ட லீவு கேக்கணும் உங்களுக்கு? ஊர்ல எல்லாரும் போகுதாங்க. நாமதான் ஒரு தடவைகூடப் போனதில்ல.”

வேதநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி, போவோம்” என்றார்.

எலிசபெத் மூன்று நாளாவது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தாள். அவர் இத்தனை சீக்கிரம் இறங்கி வந்தது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

1994 மே மாதம். பாளையங்கோட்டையில் காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு இளகியது. ஆற்றில் தண்ணீர் ஓர் ஓரமாக ஒதுங்கி ஓடியது. வேதநாயகம் மின்வாரிய அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். எலிசபெத் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவளுக்கும் கோடை விடுமுறை. வெளியே இருந்து பார்த்தால் ஒரு வயதான தம்பதி மலைக்குப் போய்வர இதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஆனால் எலிசபெத் போக நினைத்த காரணம் வேறு. கொடைக்கானலில் அவர்களுடைய ஒரே மகள் எப்சி இருந்தாள். இந்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

அது வேதநாயகத்துக்குத் தெரியாது. எப்சியின் பெயரை வீட்டில் சொல்லி மூன்று வருடம் ஆகிவிட்டது.

எப்சி மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது ஷிபின் என்ற பையனைப் பார்த்தாள். பேக்கரியில் வேலை. அப்பா அம்மா யாரென்று தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோதே மதுரையில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் யாரோ விட்டுவிட்டுப் போனார்கள். இல்லத்தில்தான் பெயர் வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, வளர்த்தார்கள். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று எப்சி வந்து நின்றாள்.

“ஓலையில அவனை யார் மகன்னு எழுதுவேன்?” என்று கேட்டார் வேதநாயகம்.

அந்தக் கேள்வியை வேறு எந்த அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப்போகிறது என்று சபைப் போதகரான ஐயர் எல்லாருக்கும் வாசித்துச் சொல்வார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். பாளையங்கோட்டையில் அவர்கள் போகும் கோயிலில் வேதநாயகம்தான் நெடுங்காலமாகச் சபைச் செயலாளர். வீடு வீடாகப் போய் விசாரித்து, பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சரிபார்த்து, ஓலையை எழுதி ஐயர் கையில் கொடுப்பது அவர் வேலை. அவர் எழுதிக் கொடுத்த ஓலையில் ஒரு தடவைகூடப் பிழை வந்ததில்லை.

எப்சி அழுதாள். பிறகு பதிலுக்குப் பேசினாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு அவள் எலிசபெத்தின் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போன் செய்வாள். கொடைக்கானலில் சபை நடத்தும் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும், ஷிபினும் அங்கேயே ஒரு பேக்கரிக்கு வந்துவிட்டதும், கல்யாணத் தேதி குறித்ததும் அப்படித்தான் எலிசபெத்துக்குத் தெரிந்தன.

“நீங்க மட்டுமாவது வாங்கம்மா” என்றாள் எப்சி.

எலிசபெத்துக்குத் தான் மட்டும் போய் நிற்க மனம் வரவில்லை. அவள் ஒரு கணக்குப் போட்டாள். மூன்றாம் ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமை அவரை எப்படியாவது அந்தக் கோயிலில் உட்கார வைத்துவிட வேண்டும். சபைக் கூட்டங்களில் அவர் அடிக்கடி சொல்லுவார்: “வாசிக்கும்போது வாயை மூடிட்டு இருந்துட்டு வெளிய வந்து பேசக் கூடாது வே. கோயில்ல எந்திரிக்காதவன் சம்மதிச்சவன்தான்.” அப்படிச் சொல்லுகிற மனிதர் அந்த ஒரு நிமிடம் எழுந்திருக்காமல் இருந்துவிட்டால் போதும். அப்புறம் கல்யாணத்துக்கு வராமல் இருக்க அவருடைய நியாயமே அவரை விடாது.

எழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி அவள் யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள். அவரைக் கூட்டிக்கொண்டு வருவதாக எப்சியிடமும் சொல்லவில்லை. நடக்காமல் போனால் பிள்ளை ஏமாந்துபோவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தார்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதிலிருந்து வேதநாயகம் ஜன்னலோரத்தில் ஒரு பிள்ளையைப் போல உட்கார்ந்துவிட்டார். “ஏட்டி, மேகம் நமக்குக் கீழ கிடக்கு பாரு” என்று அவள் தோளைத் தட்டிக் காட்டினார். அவர் அவளை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

தங்கின லாட்ஜை நடத்தியவர் அசன் முகம்மது, மேலப்பாளையத்துக்காரர். பேச்சைக் கேட்டதும் அறை வாடகையைக் குறைத்துக்கொண்டார்.

“நம்ம ஊர் ஆளுகளைப் பார்த்து எத்தனை நாளாச்சு. ஆத்துல தண்ணி கிடக்கா அண்ணாச்சி?”

“கிடக்கு, கிடக்கு. குளிக்கணும்னா அது கிடக்க இடத்துக்கு நாமதான் போய்ப் படுக்கணும்.”

அசன் முகம்மது சிரித்துக்கொண்டே இரண்டு கம்பளியைக் கூடுதலாகக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஏரியைச் சுற்றினார்கள். படகில் ஏற வேதநாயகம் பயப்பட்டார். பயம் என்று ஒத்துக்கொள்ளாமல் படகுக்காரனோடு வாடகைக்குச் சண்டை போட்டார். கடைசியில் ஏறினார்கள். துடுப்புத் தண்ணீர் மேலே தெறித்ததும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எலிசபெத் எப்சியின் பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் வெண்ணெய் மணம் வந்தது. ஒரு சின்ன பேக்கரி. வேதநாயகம் நேரே உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போன எலிசபெத் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்ததும் வாசற்படியில் நின்றுவிட்டாள். எப்சி அனுப்பிய போட்டோவில் பார்த்த முகம். ஷிபின்.

“தம்பி, இந்த பன் இன்னைக்குப் போட்டதா?”

“நேத்துப் போட்டதுன்னா வேண்டாம்னு போயிருவீங்களா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுலே.”

“இன்னைக்குத்தான் அண்ணாச்சி. தொட்டுப் பாருங்க, சுடும்.” அவன் சிரித்தான். “திருநெல்வேலியா?”

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“வந்து ஒரு நிமிஷம் ஆகல, ‘லே’ போட்டுட்டீங்கள்ல. எனக்கும் உங்க ஊர்ல கொஞ்சம் பழக்கம் உண்டு.”

வேதநாயகம் பன்னைப் பிய்த்து அங்கேயே நின்று தின்றார். அந்தப் பையன் காசை வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனான். எலிசபெத்தை அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

வெளியே வந்ததும் வேதநாயகம் சொன்னார்: “பயலுக்கு வாய் நீளம். பன் நல்லாருக்கு.”

எலிசபெத்துக்கு அந்த ராத்திரி நம்பிக்கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கேட்காமலே எழுந்து, சவரம் செய்து, “இங்க நம்ம சபைக் கோயில் எங்கனன்னு அசன் முகம்மதுகிட்ட விசாரிச்சிட்டேன். நடந்துபோற தூரந்தான்” என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு போக அவள் யோசித்து வைத்திருந்த சாக்கு எதுவும் தேவைப்படவில்லை.

கோயில் கல்லால் கட்டியது. சின்னது. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். எலிசபெத் நடுவழியை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து அவருடைய முகம் தெரிந்தது. எப்சி வந்திருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். ஓலை வாசிக்கும் ஆராதனையில் பெண் வந்து உட்காருவது அவர்கள் பக்கம் வழக்கமில்லை. ஷிபின் மட்டும் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வேதநாயகம் அவனைப் பார்க்கவில்லை.

இரண்டாவது பாட்டு முடிந்தது. ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு தாளை எடுத்தார். வேதநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தக் கோயிலிலும் ஓலை வாசித்தால் அவர் காது தானாகக் கூர்மையாகும்.

“மதுரை பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்து, இப்போது இந்தச் சபையைச் சேர்ந்த வாலிபன் ஷிபின் என்பவருக்கும்,” என்று ஐயர் வாசித்தார்.

எலிசபெத் கணவரையே பார்த்தாள். அவருடைய முகம் மாறியது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி இந்தப் பக்கம் மனைவியைத் தேடினார். கண்டுபிடித்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ‘இதுக்குத்தானா’ என்று கேட்பது போலிருந்தது. அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்புகூட வரப் பார்த்தது.

“பாளையங்கோட்டை, காலஞ்சென்ற வேதநாயகம் அவர்களின் குமாரத்தி, கன்னிகை எப்சி என்பவருக்கும்…”

சரியாகத்தான் கேட்டோமா என்று எலிசபெத்துக்குச் சந்தேகமாக இருந்தது. பக்கத்துப் பெண்கள் யாரும் திரும்பவில்லை. அவர்களுக்கு அது ஒரு பெயர்.

“…விவாகம் செய்யத் தீர்மானித்திருக்கிறது. இது மூன்றாம் முறை. இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே தெரிவிக்கலாம்.”

ஐயர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, சபையைப் பார்த்துக் காத்திருந்தார்.

வேதநாயகத்தின் கை முன்பெஞ்சின் முதுகைப் பிடித்தது. எழப்போகிறார் என்று எலிசபெத் நினைத்தாள். எழுந்தால்கூட நல்லது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. எழுந்து ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லட்டும்.

அவர் எழவில்லை. முன்பெஞ்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குனிந்து பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.

ஆராதனை முடிந்ததும் அவர் யாரிடமும் கைகுலுக்காமல் பக்கவாசல் வழியாக வெளியேறினார். எலிசபெத் ஓட்டமும் நடையுமாகப் போய் அவரைப் பிடித்தாள். பைன் மரங்களுக்கு நடுவே மேட்டுப் பாதை. அவர் மூச்சு வாங்க நின்றார்.

“ஐயர் தப்பா வாசிச்சிட்டாரு” என்றாள்.

“எழுதிக் குடுத்ததைத்தான் ஐயர் வாசிப்பாரு. மூணு வாரமா இதையேதான் வாசிச்சிருக்காரு.”

“எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா எனக்குத் தெரியாது.”

“உனக்குத் தெரிஞ்சிருந்தா என்னைக் கூட்டிட்டு வந்திருப்பியாட்டி?” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“இப்பவே ஐயர்கிட்டப் போவோம். விஷயத்தைச் சொல்லுவோம். பிள்ளை ஏதோ பயத்துல சொல்லிட்டா.”

“சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பொய்த் தகவல் குடுத்து வாசிச்ச ஓலை செல்லாது. மூணையும் முதல்ல இருந்து வாசிக்கணும். அதுக்கு முன்னால அவளைக் கூப்பிட்டு, உசுரோட இருக்க தகப்பனை ஏம்மா செத்துட்டான்னு எழுதினேன்னு ஐயர் கேப்பாரு. கமிட்டி கேக்கும். அவ வேலை பாக்குதது சபைப் பள்ளிக்கூடம். அந்த வேலையும் போகும்.” அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார். “கல்யாணம் என்னைக்கு?”

“புதன்கிழமை.”

“ம்.”

கொஞ்ச தூரம் நடந்தார்கள். எலிசபெத்துக்கு அழுகை வந்தது.

“நீங்க சரின்னு சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும். ஏமாத்திக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

“யாரை ஏமாத்தின? முப்பது வருஷத்துல பாபநாசத்துக்குக்கூடக் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்காதவ, திடீர்னு கொடைக்கானல்னா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? அவ இங்கதான் இருக்கான்னு அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. இந்தக் கல்யாணம்தான் தெரியாது. பாத்துப் பேசி, கூட்டிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். அவனையும் சேத்துத்தான்.”

எலிசபெத் அப்படியே நின்றுவிட்டாள். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவளுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

“நேத்து பன் குடுத்தானே, அவன்தான் அந்தப் பையன்.”

அவர் கால் ஒரு நொடி தயங்கியது.

“வாய் நீளந்தான்” என்றார்.

அன்று பிற்பகல் அவள் மட்டும் எப்சியைப் பார்க்கப் போனாள். “நான் வந்திருக்கேன்னு சொல்லாத” என்று அவர் கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

டீச்சர்கள் தங்கும் விடுதி வாசலில் எப்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஈரத்துணியோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மெலிந்திருந்தாள். கன்னம் குளிரில் வெடித்திருந்தது.

“தனியாவா வந்தீங்க?”

“தனியாத்தான்.”

“காலையில கோயிலுக்கு வந்தீங்களா?” என்று கேட்டவள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். துணியைப் பிழிந்துகொண்டே பேசினாள். “தகப்பன் கையெழுத்து வேணும்னு ஐயர் சொல்லிட்டாங்கம்மா. அது இல்லாம ஓலை வாசிக்க மாட்டேன்னாங்க. நான் என்ன செய்ய? அப்பா போட்டிருப்பாங்களா? நீங்களே சொல்லுங்க, போட்டிருப்பாங்களா?”

போட்டிருப்பார் என்று எலிசபெத்துக்கு அன்று காலையிலிருந்து தெரியும். பிள்ளையிடம் அதை இப்போது சொன்னால் அவள் ஆயுசுக்கும் தாங்கமாட்டாள்.

“போட்டிருக்க மாட்டாங்க” என்றாள் எலிசபெத்.

எப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்பா நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க. ரிட்டயர்டு ஆயிட்டாங்க.”

“மாலை போட்டாங்களா?”

“போட்டாங்க.”

எப்சி விடுதிக்குள்ளே கூட்டிப் போய்க் கல்யாணப் புடவையைக் காட்டினாள். வெள்ளைப் பட்டு. முந்தானையின் மடிப்பு சரியாக நிற்கவில்லை. எலிசபெத் உட்கார்ந்து ஊசி நூல் வாங்கித் தைத்துக் கொடுத்தாள். அவள் கிளம்பும்போது எப்சி வாசல்வரை வந்தாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கினாள்.

“என்னளா?”

“அம்மா, புதன்கிழமை ஐயரம்மா உங்க பக்கத்துலதான் உக்காருவாங்க. ஸ்கூல்ல எல்லாரும் வருவாங்க.” அவள் அம்மாவின் கழுத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “தாலியைக் கொஞ்சம் உள்ள போட்டுக்கிடுங்கம்மா.”

எலிசபெத் லாட்ஜுக்கு நடந்து வந்தாள். வழியெல்லாம் மூடுபனி. எதிரே வந்தவர்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தார்கள். அவளுக்கு அது வசதியாக இருந்தது.

“நான் போகல” என்று அறைக்குள் வந்ததும் சொன்னாள். “நாளைக்கே ஊருக்குப் போயிருவோம்.”

வேதநாயகம் காரணத்தைக் கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“ஓலையில அப்படி வாசிச்ச பிறகு, நீ அப்படித்தான் போகணும்” என்றார்.

“எப்படிங்க முடியும்?”

“அந்தப் பையனுக்குன்னு வந்து நிக்க யாரும் இல்ல. அவளுக்கும் யாரும் இல்லாம ஆயிரக் கூடாது. நீ போ.”

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. ரோட்டில் எப்சி எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது. அசன் முகம்மது வந்து எட்டிப் பார்த்தார்.

“காசு செலவழிச்சு மலைக்கு வந்துட்டு ரூம்லயே அடைஞ்சு கிடக்கீயளே அண்ணாச்சி. உடம்புக்கு முடியலயா?”

“கொஞ்சம் சளி” என்றார் வேதநாயகம்.

அவர் போன பிறகு எலிசபெத் கேட்டாள்: “ஏரிக்கரை வரைக்குமாவது போய்ட்டு வருவோமா? இருட்டினதும் போவோம். யாரும் பாக்க மாட்டாங்க.”

“செத்தவன் படகு விட்டா நல்லாவா இருக்கும்?” என்றார். அவர் சிரிக்க நினைத்துத்தான் சொன்னார். சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை. எலிசபெத் குளித்துவிட்டுச் சாம்பல் நிறப் பட்டைக் கட்டினாள். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளி, முந்தானையை இழுத்துப் பின் குத்தினாள். வேதநாயகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குனி” என்றார்.

குனிந்தாள். சங்கிலி வெளியே விழுந்தது.

“ஜெபத்துல முழங்கால் போடும்போது இப்படித்தான் விழும். ஐயரம்மா பக்கத்துலதான் இருப்பாங்க.” அவர் எழுந்து வந்தார். “கழட்டிரு.”

“வேண்டாங்க.”

“திரும்பு.”

அவர் விரல் அவள் பிடரியில் கொக்கியைத் தேடியது. சங்கிலி கழன்றது. அவர் அதைக் கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு அவர் விரல் நகங்களில் மை இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அவள் அழாமல் இருக்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டுக்கு அழுத முகத்தோடு போகக் கூடாது.

கோயிலில் நாற்பது பேர் இருப்பார்கள். மலைப் பள்ளிக்கூடத்துக்குக் கோடையில் விடுமுறை கிடையாது; பிள்ளைகள் பின்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எலிசபெத்தை முதல் பெஞ்சுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். ஐயரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். எப்சி வாசலில் தெரிந்தாள். பெண்ணைத் தகப்பன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய இடம் அது. தலைமை டீச்சரம்மா கூட வருகிறேன் என்று சொல்லியும் எப்சி வேண்டாம் என்றுவிட்டாளாம். வலது கையில் பூச்செண்டு. இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். முந்தானை மடிப்பு சரியாக நின்றது.

ஷிபின் இன்று வாய் பேசவில்லை. உடன்படிக்கையை இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, ஐயர் எடுத்துக்கொடுத்த பிறகுதான் சரியாகச் சொன்னான். எலிசபெத் அவனுக்காகவும் வேண்டிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது ஐயர் அவள் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர். வயதானவர்.

“உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இன்னைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்” என்றார்.

“ஆமா ஐயா.”

“அவர் போய் எத்தனை வருஷம் ஆகுதும்மா?”

எப்சி பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். எலிசபெத் அவளுக்காக ஒரு பதில் தேடினாள்.

“மூணு வருஷம் ஆச்சு” என்றாள்.

பேக்கரியில் செய்த கேக்கை வெட்டினார்கள். எலிசபெத் ஒரு வாய் தின்றாள். ஒரு துண்டைத் தாளில் சுற்றி வாங்கிக்கொள்ளலாமா என்று நினைத்து, யாருக்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள். எப்சியையும் ஷிபினையும் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, பஸ்சுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.

வேதநாயகம் பெட்டியோடு பஸ் நிலையத்தின் பின்பக்கம், ஒரு பழக்கடை மறைவில் நின்றார். மதுரை பஸ் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். பஸ் ஊரைத் தாண்டி, முதல் வளைவு திரும்பியதும் அவர் கேட்டார்.

“யார் கையப் பிடிச்சிட்டு வந்தா?”

“யாரும் இல்ல. தனியாத்தான் வந்தா.”

அவர் தலையை ஆட்டினார். கீழே இறங்க இறங்க வெயில் உள்ளே வந்தது. எலிசபெத் சால்வையை எடுத்து மடித்து வைத்தாள்.

வத்தலக்குண்டில் பஸ் நின்றது. ஒரு பூக்காரி மல்லிகையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரமாக வந்தாள்.

“அம்மா, ரெண்டு முழம் வாங்கிக்கங்க, இப்பப் பறிச்ச பூ…” என்று நீட்டியவள் எலிசபெத்தின் வெறும் கழுத்தைப் பார்த்தாள். நீட்டின கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

வேதநாயகம் அதைப் பார்த்தார்.

“ஏம்மா, இங்க வா” என்று கூப்பிட்டார். “ரெண்டு முழம் குடு.”

பூக்காரி அவரையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். குழப்பத்தோடு அளந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவர் பூவை எலிசபெத்தின் மடியில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். பஸ் கிளம்பிவிட்டது. ஆட்டத்தில் கொக்கி மாட்டவில்லை. இரண்டு தடவை நழுவியது.

“பைய மாட்டுங்க, அவசரமில்ல” என்றாள் எலிசபெத், தலையைக் குனிந்துகொண்டே.

ஒருவழியாக மாட்டினார். அவள் அப்போதுதான் அழுதாள். பஸ்சில் யாரும் கவனிக்கவில்லை. வேதநாயகம் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

“எலிசபெத்து.”

“ம்.”

“நாளைக்கு நான் போயிட்டேன்னா அவளுக்குச் சொல்லி அனுப்புவியா?”

“என்ன பேச்சு இது. சொல்லாம இருப்பேனா?”

“சொல்லாத” என்றார் வேதநாயகம். “சொன்னா கிளம்பி வருவா. எங்க போறேன்னு ஐயர் கேட்டா, பிள்ளை என்ன பதில் சொல்லும்?”

எலிசபெத் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மடியிலிருந்த பூ சரியாமல் மறு கையால் அணைத்துக்கொண்டாள்.